நாற்பத்தேழாம் பக்கம்

ஆற்று நடுவே பாறையோரம் ஒதுங்கிக் கிடந்த வெள்ளைப் பொருளை எடுக்கப் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கிய அம்மையப்பன், இடுப்பளவுத் தண்ணீருக்குப் போன பிறகுதான் அது காகிதம் இல்லை, கொக்கு என்று கண்டுகொண்டார். கொக்கும் அவரைக் கண்டுகொண்டது. இருவரும் ஒருவரையொருவர் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு கொக்கு பறந்து போயிற்று. அம்மையப்பனுக்கு அந்த வசதி இல்லை.

“அண்ணாச்சி, அது கொக்கு,” என்றார் கரையில் நின்ற சுடலைமணி.

“இப்ப சொல்லுதியே. இறங்கும்போதே சொன்னா என்னலே?”

“நீங்க அவ்வளவு தைரியமா இறங்குனீங்க. பக்கமாத்தான் இருக்கும்னு நானும் நம்பிட்டேன்.”

காணாமல் போனது ஒரே ஒரு தாள். முன்பக்கம் நாற்பத்தேழு, பின்பக்கம் நாற்பத்தெட்டு. ஆனால் அது போன இடம்தான் வினை.

அம்மையப்பன், கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையை ஒட்டியிருக்கும் தென்பொருநை ஆவண நூலகத்தில் மைக்ரோபிலிம் பிரிவின் பொறுப்பாளர். பிரிவு என்றால் ஓர் அறை, ஒரு கேமரா, ஓர் அம்மையப்பன். பழைய தாள்களைப் படமெடுத்துச் சுருளாக்கிக் காப்பாற்றுகிற அந்தக் கேமரா சமீபத்தில்தான் வந்தது. அதற்கு முன் அதே அறையில் அவர் எதற்கும் பொறுப்பில்லாமல் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

கேமராவைத் தந்த சென்னை அறக்கட்டளை, அதைக் கையாளக் கற்றுக்கொடுக்கப் பிருந்தா என்கிற பயிற்சியாளரையும் அனுப்பியிருந்தது. வட்டார நூலகங்களிலிருந்து ஊழியர்கள் பயிற்சிக்கு வந்திருந்தார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து சுடலைமணி, மேலப்பாளையத்திலிருந்து நஃபீஸத், அப்புறம் மத்தியானச் சாப்பாடு நன்றாயிருக்கும் என்று கேள்விப்பட்டு வந்த சிலர். பயிற்சி முடிவில் இவர்களே ஒரு சுருள் எடுக்கவேண்டும். சுருள் தேறினால் கேமரா திருநெல்வேலியிலேயே நிரந்தரமாக இருக்கும். தேறாவிட்டால் ஓசூர்க் கிளைக்குப் போய்விடும்.

“கேமரா எங்கே போகுமோ, அங்கே அதன் பொறுப்பாளரும் போவார்,” என்று இயக்குநர் நமச்சிவாயம் தொடக்க விழாவிலேயே ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார். கைமாறப் போகிற மாட்டோடு கழுத்துக் கயிறும் போகும் என்பதுபோல எல்லோரும் அம்மையப்பனைப் பார்த்தார்கள்.

அம்மையப்பனின் மனைவி சண்முகசுந்தரி பாளையங்கோட்டையில் ஆசிரியை. பெருமாள்புரத்தில் கட்டிய வீட்டுக்கு இப்போதுதான் வெள்ளையடித்திருந்தார்கள். சேதியைக் கேட்டதும் அவள் ஒரே மூச்சில் தீர்ப்பு வழங்கினாள். “ஓசூர்ல குளிருமாம். போர்வைய மறக்காம எடுத்துக்கிடுங்க.” போர்வை ஒன்றா இரண்டா என்ற சந்தேகத்துக்கு அந்தத் தீர்ப்பில் இடமில்லை.

இயக்குநர் நமச்சிவாயத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அவருடைய கதவில் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறது என்பதைவிட, அவருடைய பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஒரு கதவு இருக்கிறது என்பதே பொருத்தம். மைக்ரோபிலிம் ஐந்நூறு வருஷம் அழியாது என்று பிருந்தா சொன்ன மாத்திரத்தில் அவர் எழுந்து நின்று, தம்முடைய வரவேற்புரையையே முதல் படமாக எடுக்கச் சொன்னார். பிருந்தா மறுத்துவிட்டார். நமச்சிவாயத்திடம் ஒருவர் முடியாது என்று சொல்லி அந்தக் கட்டடம் கேட்டது அதுதான் முதல் தடவை. உத்தரத்துப் புறாக்கள்கூடச் சற்று நேரம் சத்தம் போடவில்லை.

“இருக்கறதை இருக்கற மாதிரியே எடுக்கணும்,” என்பது பிருந்தாவின் முதல் பாடம். “ஒரு பக்கம் இல்லைன்னா, அந்த இடத்துல ‘இப்பக்கம் இல்லை’ன்னு ஒரு அட்டையை வெச்சு அதையும் எடுக்கணும். அவ்வளவுதான் சார் இந்தத் தொழில். உண்மை பேசினா போதும்.”

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். சுலபமாகத்தான் தெரிந்தது.

படமெடுக்கத் தேர்ந்தெடுத்தது ‘பொருநைத் தூதன்’ என்ற பத்திரிகையின் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநாலாம் வருஷத் தொகுதி. உலகத்திலேயே ஒரே பிரதி, அதுவும் ஒரு பக்கம் குறையாத பிரதி என்று நமச்சிவாயம் போகிற மேடையிலெல்லாம் முழங்கிவந்தது. தையலைப் பிரித்துத் தாள் தாளாக எடுத்து, அம்மையப்பன் பக்க எண்ணைச் சொல்ல நஃபீஸத் சரிபார்த்து, எல்லாப் பக்கமும் இருப்பதாக அம்மையப்பன் கையெழுத்தும் போட்டாயிற்று.

மறுநாள் பிருந்தாவுக்குச் சொதிச் சாப்பாடு போட்டே தீருவது என்று நமச்சிவாயம் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். அந்நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. ஏசி நின்றது. சன்னல் சாத்திய அறை இட்லிக் கொப்பரை ஆயிற்று.

“கொஞ்சம் காத்து வரட்டுமே அண்ணாச்சி,” என்று சுடலைமணி சன்னலைத் திறந்தார்.

ஆடி மாசம். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று, அம்மியையே அசைத்துப் பார்க்கிற காற்று. தையல் பிரித்த தாள்கள் அதற்கு எம்மாத்திரம். நூறு வருஷமாக ஒரே இடத்தில் அடைந்து கிடந்த ‘பொருநைத் தூதன்’ அன்றுதான் ஊர் பார்க்கக் கிளம்பினான். ஒரு தாள் வேப்பமரத்தில் கிடைத்தது. ஒன்று இயக்குநரின் அறைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றின்மேல் நஃபீஸத் நின்றுகொண்டே அதைத் தேடிக்கொண்டிருந்தார். எல்லாம் கிடைத்தன, நாற்பத்தேழு நாற்பத்தெட்டைத் தவிர. அதைத் தேடித்தான் அம்மையப்பன் ஆற்றில் இறங்கியது.

கரையேறி வேட்டியைப் பிழிவதுபோலப் பேண்ட்டைப் பிழிந்துகொண்டிருந்தவரிடம் சுடலைமணி பைய ஆரம்பித்தார்.

“அந்த அட்டைய வச்சிருவமா அண்ணாச்சி? ‘இப்பக்கம் இல்லை’ன்னு.”

“ஏலே, எல்லாப் பக்கமும் இருக்குன்னு நேத்து நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். இன்னைக்கு இல்லன்னு அட்டை வச்சா, நடுவுல தொலச்சவன் யாருன்னு கேக்க மாட்டானா, ஐந்நூறு வருஷம் கழிச்சு வாறவன்?”

“அவன் கேக்கும்போது நாம இருக்க மாட்டோம்லா.”

“நமச்சிவாயம் இருப்பாரே.”

“அவரு மட்டும் ஐந்நூறு வருஷம் எப்படி இருப்பாரு?”

“நாளைக்குக் காலைல இருப்பாருல்லா. எனக்கு அது போதாதா?”

சுடலைமணிக்கு நியாயம் புரிந்தது. சன்னலைத் திறந்தவர் என்ற முறையில் அவருக்கு எந்த நியாயமும் சீக்கிரம் புரிந்தது.

“அப்பம் ஒண்ணு செய்வோம். அந்தப் பக்கத்த நாமளே எழுதி அச்சடிச்சு வச்சிருவோம். அதுல என்ன இருந்துச்சுன்னு சொல்லுங்க.”

அம்மையப்பன் நஃபீஸத்தைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, நாப்பத்தேழாம் பக்கத்துல என்ன இருந்துச்சு?”

“நீங்க எண்ணைச் சொன்னீங்க, நான் டிக் அடிச்சேன். உள்ள என்ன இருக்குன்னு பாக்கச் சொல்லலையே சார்.”

உண்மைதான். அந்தத் தொகுதிக்குக் கண்ணாடிப் பேழை இருந்தது. சரஸ்வதி பூஜைக்குச் சந்தனமும் பூவும் உண்டு. வருகிற பிரமுகர்களுக்கெல்லாம் அதைத் திறந்து காட்டி, அவர்கள் “அடேயப்பா” என்றதும் மூடிவைப்பது வழக்கம். படிக்க மட்டும் யாரும் துணிந்ததில்லை. அத்தனை மரியாதை.

யாருமே படிக்காத பக்கத்தில் எதை எழுதினால்தான் என்ன? இப்படித் தைரியம் வந்ததும் காரியம் மளமளவென்று நடந்தது. தாளுக்கு எங்கே போவது? அடுத்த வருஷத் தொகுதியின் கடைசியில் அதே பழுப்பில் ஒரு வெற்றுத் தாள் இருந்தது. ஆவணப் பாதுகாப்பில் இருபது வருஷ அனுபவமுள்ள அம்மையப்பன் கதவைச் சாத்திக்கொண்டு அதைக் கிழித்தார்.

ஈய எழுத்துக் கோத்து அச்சடிக்கிற கடை பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒன்றே ஒன்று மிச்சம். உலகம்மாள் என்ற அம்மாளுடையது. ரசீதுப் புத்தகங்களும், பழமைப் பைத்தியம் பிடித்தவர்களின் விசேஷப் பத்திரிகைகளும் அடித்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்.

“அந்தக் காலத்து எழுத்தெல்லாம் இருக்கா அக்கா?”

“பாதி இருக்கு. கொம்பு போட்ட பழைய லை, ளை, ணை, னை கெடையாது. சுழிச்ச பழைய ணா, றா, னா கெடையாது. இப்ப உள்ள எழுத்துத்தான். அதுல போட்டா பச்சப்பிள்ளகூட நேத்து அடிச்சதுன்னு கண்டுபிடிச்சிரும்.”

“அப்ப என்ன செய்ய?”

“அந்த எழுத்து வராம எழுதிக் கொண்டாரும். எழுதத் தெரியும்லா?”

அம்மையப்பன் கடை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நெல் விலை எழுதலாம் என்றால் ‘விலை’யில் லை வருகிறது. அரசாங்கத்துக்கு ஒரு கண்டனம் எழுதலாம் என்றால், எங்கே சுற்றினாலும் ‘சாலை இல்லை, வேலை இல்லை’ என்றுதான் முடிகிறது. ‘இல்லை’ என்ற சொல்லே இல்லாமல் யாரையும் குறை சொல்ல முடியவில்லை. அம்மையப்பன் வாழ்நாளில் மேலதிகாரிகளிடம் ‘இல்லை’ சொல்லிப் பழகியவர் அல்லர் என்பது இங்கே கைகொடுத்தது. புகழ்ச்சியாக எழுதத் தொடங்கியதும் பேனா தானே ஓடிற்று. ஒரு வள்ளல் பிறந்தார். அவர் குளம் வெட்டினார் என்று போடமுடியாது, னா இடிக்கும். ஆகவே வள்ளல் தாமே எதையும் செய்யாமல் பிறரை விட்டுச் செய்வித்தார்.

‘நமது ஜில்லாவின் தர்மப் பிரபுவாகிய ஸ்ரீமான் அவர்கள், வெள்ளத்தில் தவித்த ஏழைகட்குக் கஞ்சி வார்த்தார், ஊருக்கு மேற்கே குளம் வெட்டுவித்தார், அன்பே உருவாகி நின்று அனைவர் துயரும்’ என்று வந்து, ‘அனைவர்’ என்பதில் னை இருப்பதைக் கண்டு அடித்து, ‘யாவர் துயரும் துடைத்தார்’ என்று முடித்தபோது, அம்மையப்பனுக்கே அந்த வள்ளலை ஒருமுறை பார்க்கவேண்டும்போல் இருந்தது.

பின்பக்கம் முழுக்க உடன்குடிக் கருப்பட்டிக்கு ஒரு விளம்பரம். அதில் எந்த எழுத்தும் இடிக்கவில்லை.

“ஸ்ரீமானுக்குப் பேரு எழுதலையே,” என்றார் உலகம்மாள்.

“பழைய பேரா ஒண்ணு. உங்களுக்கு எது கோக்கச் சுளுவோ அதைப் போட்டுருங்க.”

மனுஷனுக்குக் கேடுகாலம் வருவது இந்த மாதிரித் தாராள மனசு வழியாகத்தான்.

அச்சு அருமையாக வந்திருந்தது. அம்மையப்பன் மூன்று தடவை படித்தார். எங்கேயாவது லை வந்திருக்கிறதா, னை வந்திருக்கிறதா என்று ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஒரே குறை, மை நேற்றுக் கல்யாணமான பெண்ணின் மூக்குத்திபோல மினுங்கிற்று. பால் விடாத கட்டன் சாயாவில் முக்கினால் மங்கிவிடும் என்று சுடலைமணி யோசனை சொன்னார். அம்மையப்பனுக்குத் தெரிந்த சாயா ஒன்றே ஒன்றுதான், இஞ்சி தட்டிப் போட்டது. வீட்டில் தாம்பாளத்தில் அதை ஊற்றித் தாளைப் படுக்கவைத்து, ஓரத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தபோது சண்முகசுந்தரி வந்து நின்றாள்.

“என்னது இது?”

“பயிற்சி.”

“கட்டிக்கிட்டு வந்த நாளாப் பாக்கேன், எனக்கு ஒரு தம்ளர் சாயா போட்டுத் தந்ததில்ல. காயிதத்துக்கு இஞ்சி தட்டிப் போட்டிருக்கீய.”

“இது தேறலன்னா ஓசூரு.”

அவள் இஸ்திரிப் பெட்டியைச் சூடுபண்ணிக் கொண்டுவந்து வைத்தாள். இத்தனை வருஷ தாம்பத்தியத்தில் அம்மையப்பன் கண்கலங்கிய இடங்களில் இதுவும் ஒன்று.

படப்பிடிப்பு தொடங்கியது. பயிற்சிக்கு வந்தவர்கள் முறைவைத்துத் தாளை வைக்க, அமுக்க, எடுக்க, நாற்பத்தாறு வரை ஒழுங்காகப் போயிற்று. நாற்பத்தேழைக் கையில் எடுத்த பிருந்தா மூக்கருகே கொண்டுபோனார்.

“சார், இந்தத் தாள் மட்டும் இஞ்சி வாசம் அடிக்குதே.”

சுடலைமணி சன்னலைப் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்ப்பது சரியில்லை என்று தரையைப் பார்த்தார்.

“அது வந்து, மேடம், இந்த வட்டாரத்துல பூச்சி அரிக்காம இருக்க அந்தக் காலத்துல இஞ்சிச் சாறு தடவுவாவ,” என்றார் அம்மையப்பன்.

“ஒரு தாள்ல மட்டுமா?”

“பூச்சி ஒரு தாளைத் தின்னு பாத்துட்டு, உறைக்குன்னு திரும்பிப் போயிரும்.”

பிருந்தா பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து ஆவலாக எழுதிக்கொண்டார். “அடுத்த பயிற்சி தஞ்சாவூர்ல சார். அங்கே இதைச் சொல்றேன்.” தஞ்சாவூரின் அரிய சுவடிகளை நினைத்து அம்மையப்பன் தடுக்க வாயெடுத்தார். ஆனால் அவற்றைக் காப்பாற்றவேண்டுமானால் தம்மைக் காட்டிக்கொடுக்கவேண்டும். சுவடிகள் தஞ்சாவூர்க்காரர்கள் பாடு என்று விட்டுவிட்டார்.

சுருளைக் கழுவிக் காயவைத்தபின், ஒளித்திரையில் ஓட்டிச் சரிபார்க்கிற வேலை அவருக்கு விழுந்தது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள் நகர்ந்தன. நாற்பத்தேழில் ஆசையோடு நிறுத்தினார். தாம் எழுதியது ஐந்நூறு வருஷம் இருக்கப்போவதை எந்த எழுத்தாளன்தான் ஒருமுறை நின்று பார்க்கமாட்டான்? அப்போதுதான், எழுத்தெழுத்தாகப் பார்த்தவர் முதல் தடவையாக வார்த்தை வார்த்தையாகப் படித்தார்.

‘ஸ்ரீமான் நமச்சிவாயம் அவர்கள்.’

வெளியே ஓடி உலகம்மாளுக்குப் போன் போட்டார்.

“நீருதான சுளுவான பேரா கோக்கச் சொன்னீரு,” என்றார் அந்த அம்மாள். “உங்க இயக்குநரு அறுவதாம் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிச்சாருல்லா, ஈய எழுத்துலதான் அடிக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னு. அதுக்குக் கோத்த பேரு பிரிக்காம அப்படியே கெடந்துச்சு. தூக்கி வச்சேன். ஏன், நல்ல பேருதான? சாமி பேரு.”

அம்மையப்பன் பிருந்தாவிடம் போய், ஒரு பேச்சுக்குக் கேட்பதுபோல, சுருளில் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு ஒட்டலாமா என்று கேட்டார்.

“வெட்டி ஒட்டின சுருள் தேறாது சார். ஏன், ஏதாவது தப்பா?”

“சேச்சே.”

மறுநாள் இயக்குநர் பார்வையிட வந்தார். அம்மையப்பன் பன்னிரண்டாம் பக்கத்தைக் காட்டிவிட்டுச் சட்டென்று பிளக்கைப் பிடுங்கினார். “பல்பு சூடாயிட்டு சார். வெடிச்சிரும்.”

“ஆறட்டும்,” என்று நமச்சிவாயம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வழக்கமாக எதையும் ஒரு நிமிஷத்துக்கு மேல் பார்க்காதவர். பல்பு ஆறுகிற வரைக்கும் பேச விஷயம் வேண்டுமே என்று, தம் பால்ய காலம் முழுவதையும் சொன்னார். ஆறியதும் கைப்பிடியைத் தாமே பிடித்துச் சுழற்றினார். மற்றவர்கள் கண்ணுக்குத் தங்கள் பெயர் எங்கே இருந்தாலும் உடனே தட்டுப்படாது. நமச்சிவாயத்துக்குச் சுருள் முழு வேகத்தில் ஓடும்போதே தட்டுப்பட்டது.

நிறுத்தினார். படித்தார். மறுபடியும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபோது கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

“எங்க தாத்தா,” என்றார். “தாத்தா பேரத்தானேவே மூத்த பேரனுக்கு வைப்பாவ. அவரு வட்டிக்கடை வச்சிருந்தாருன்னுதான் வீட்ல சொன்னாவ. இவ்வளவு செஞ்சிருக்காரு, வெளிய சொல்லவே இல்லையே மனுஷன். எங்க குடும்பமே அப்படித்தான். தற்பெருமை கெடையாது.”

பிறகு ஞாபகம் வந்தவராக, “அந்தக் குளம் எங்கருக்கு?” என்றார்.

யாரும் வாயைத் திறக்கவில்லை. திறக்கவேண்டாத ஒருவர் திறந்தார்.

“எங்க அம்பாசமுத்திரம் பக்கத்துல பேரில்லாத குளம் ஒண்ணு கெடக்கு சார்,” என்றார் சுடலைமணி.

சுருள் வெளியீட்டு விழாவோடு ‘வள்ளல் நமச்சிவாயம் நூற்றாண்டு நினைவு விழா’வும் நடத்துவதென்றும், குளத்தங்கரையில் கல்வெட்டு நடுவதென்றும், வள்ளலின் படம் கைவசம் இல்லாததால் பேரனையே தலைப்பாகை கட்டி வரைந்துகொள்வதென்றும் அன்று சாயங்காலத்துக்குள் முடிவாயிற்று.

“உன்னய யாருலே குளத்தக் கேட்டா?” என்று அம்மையப்பன் வராந்தாவில் சுடலைமணியைப் பிடித்துக்கொண்டார்.

“கேட்டாரே அண்ணாச்சி. கேக்கும்போது தெரிஞ்சத சொல்லாம எப்படி?”

விழாவை எப்படியாவது தள்ளிப்போட வேண்டும். அம்மையப்பன் இயக்குநர் அறைக்குள் போய், குழைந்து நின்று, அறிவாளிபோல் ஒரு யோசனை சொன்னார். “சார், இவ்வளவு பெரிய விஷயம். நாளைக்கு ஒருத்தன் சந்தேகம்னு கிளம்பிறக் கூடாது பாருங்க. விஷயம் தெரிஞ்ச ஆள் ஒருத்தரு ஆற அமரப் பாத்து உறுதிப்படுத்தட்டும். அதுவரைக்கும் விழாவை...”

“அருமையான யோசனை,” என்றார் நமச்சிவாயம். “விழா மேடையிலேயே உறுதிப்படுத்திருவோம். உமக்கு முன்னால இங்கன இருந்தாருல்லா முகம்மது சுல்தான், அவரக் கூப்பிடும். முப்பது வருஷம் தூதனக் கட்டிக் காத்த மனுஷன். கண்ண மூடிட்டுப் பக்கம் சொல்லுவாரு.”

அம்மையப்பனுக்குக் காலுக்கடியில் ஆறு ஓடுவதுபோல் இருந்தது. நூலகத்தில் யாருமே தூதனைப் படித்ததில்லை என்ற கணக்கில் இப்படி ஒரு மனிதரை அவர் சேர்க்க மறந்துவிட்டார். சுல்தான் பாய் ஓய்வுபெற்று மேலப்பாளையத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். ஒருவேளை மறதி வந்திருக்கும், கண் மங்கியிருக்கும் என்று அம்மையப்பன் நஃபீஸத்தை விட்டு விசாரித்தார்.

“போன வாரம்தான் கண்ணு ஆபரேஷன் ஆச்சாம் சார். ஊசில நூல் கோக்காராம்.”

விழா நாள் வந்தது. பந்தல், நாகசுரம், வாசலில் தலைப்பாகையோடு நமச்சிவாயம், அதாவது படம். படத்துக்குக் கீழே தலைப்பாகை இல்லாமல் நமச்சிவாயம். சென்னை அறக்கட்டளையிலிருந்து வந்த மனிதர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சுருளின் தேர்ச்சிப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் பிருந்தா. “முதியவர் சரின்னு சொன்னா இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன் சார். அசல்ல சந்தேகம்னா மொத்தச் சுருளும் போச்சு,” என்று அவர் அம்மையப்பனிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். சண்முகசுந்தரி நான்காம் வரிசையில். அவள் மடியில் ஒரு பை இருந்தது. உள்ளே போர்வையாக இருக்குமோ என்று அம்மையப்பனுக்கு ஓடிற்று.

வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் முகம்மது சுல்தான் மேடையேறினார். ஒளித்திரையின் முன்னால் உட்காரவைத்தார்கள். நாற்பத்தேழாம் பக்கம் ஒளிர்ந்தது. அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துவிட்டு, திரையருகே குனிந்து, விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். ஓரிடத்தில் புருவம் ஏறியது. ஓரிடத்தில் உதடு பிதுங்கியது. பிறகு கைப்பிடியைச் சுழற்றி நாற்பத்தெட்டுக்குப் போனார். கருப்பட்டி விளம்பரத்தின் முன்னால் இன்னும் கூடுதலாக நேரம் எடுத்துக்கொண்டார்.

சுடலைமணி வெளியே போகிற வழி எது என்று பார்த்துவைத்துக்கொண்டார். அம்மையப்பன் மனசுக்குள் ஓசூரில் ஓர் அறை பார்த்து, முன்பணம் கொடுத்து, தனியாக ரசம் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

முகம்மது சுல்தான் எழுந்து ஒலிபெருக்கியின் முன் வந்தார்.

“இந்தப் பக்கத்த நான் மறப்பனா?” என்றார். “முப்பது வருஷம் என் கையில இருந்த தாளு. சந்தேகமே வேண்டாம். இதுதான் அது.”

கைதட்டலில் பந்தல் அதிர்ந்தது. பிருந்தா கையெழுத்திட்டார். கேமரா இனி நெல்லைக்குத்தான் என்று சென்னைக்காரர் அறிவித்தார். நமச்சிவாயம் ஒலிபெருக்கியைப் பிடித்தார், பிறகு விடவில்லை. நான்காம் வரிசையில் சண்முகசுந்தரி பையைத் திறந்து, விசிறியை எடுத்து விசிறிக்கொண்டாள்.

அம்மையப்பனுக்கு நிம்மதியைவிட நெஞ்சுக் குறுகுறுப்பு அதிகமாயிற்று. ஐந்து வேளை தொழுகிற மனிதர், தமக்காகச் சபையில் பொய் சொல்லிவிட்டாரே. அல்வாவும் காப்பியும் எடுத்துக்கொண்டு, பந்தலுக்குப் பின்னால் ஒதுங்கி உட்கார்ந்திருந்தவரிடம் போனார்.

“பாய், நீங்க எனக்காக இவ்வளவு செஞ்சிருக்க வேண்டாம்.”

“என்னத்தவே செஞ்சேன்?”

“அந்த அசல் பக்கம் காத்துல போயிட்டு. மேடையில நீங்க பாத்தது நான் எழுதினது.”

முகம்மது சுல்தான் காப்பியை ஆற்றி ஒரு வாய் குடித்தார். அக்கம்பக்கம் பார்த்தார். அம்மையப்பனின் சட்டையைப் பிடித்து அருகே இழுத்துக் காதோடு சொன்னார்:

“தெரியும்வே. காத்துல போனதும் நான் எழுதி வச்சிருந்ததுதான். அதுக்கு உம்ம எழுத்து எவ்வளவோ தேவல.”